ஆறு அங்குலம் என்ன செய்யும்?

ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1894-இல் வின்செஸ்டர் நிறுவனம் கொண்டுவந்த லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் முக்கியமாக இரண்டு உருவங்களில் கடைக்கு வந்தது. ஒன்றின் குழல் 26 அங்குலம். அதற்கு ரைஃபிள் என்றே பெயர். மற்றதன் குழல் 20 அங்குலம். அது கார்பைன், குதிரைச் சேணத்தோடு எடுத்துச்செல்ல ஏற்றது. இரண்டுக்கும் உள்ளே இருந்த இயந்திரம் ஒன்றுதான். விசைக்கு அடியில் வளையமாக இருக்கும் நெம்புகோலைக் கீழே தள்ளினால் சுட்டுமுடிந்த கூடு வெளியே தெறிக்கும்; மேலே இழுத்தால் புதுத் தோட்டா அறைக்குள் ஏறும். தோட்டாவும் ஒன்றுதான். வித்தியாசம் ஆறு அங்குல எஃகு மட்டுமே.

அந்த ஆறு அங்குலம் என்ன செய்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் உடனே சொல்லும் பதில் வேகம். நீளமான குழல் குண்டை வேகமாகத் தள்ளும், ஆகவே அது பலமான துப்பாக்கி. பதில் தவறில்லை, ஆனால் மிகச் சிறிய பகுதி. குழலின் நீளம் உண்மையில் எங்கே வேலை செய்கிறது என்று பார்த்தால், இயற்பியலின் மூன்று நான்கு அடிப்படை விதிகள் மூன்று கிலோ எஃகுக்கும் மரத்துக்கும் உள்ளே ஒன்றோடொன்று மோதிக்கொள்வது தெரியும். இந்த அத்தியாயம் அந்த மோதலைப் பற்றியது.

முதலில் வேகத்தையே எடுத்துக்கொள்வோம். 1895-இல் இந்தத் துப்பாக்கிக்கென வந்த .30-30 தோட்டா, அமெரிக்காவில் புகையில்லா மருந்துக்காக உருவான முதல் சிறுதுளை வேட்டைத் தோட்டா. அதன் பித்தளைக் கூட்டின் கொள்ளளவு சுமார் 3 கன சென்டிமீட்டர். விசையை இழுத்ததும் உள்ளே இருக்கும் இரண்டு கிராம் மருந்து எரிந்து வாயுவாகிறது. அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் 2,900 மடங்கு வரை எகிறும். இந்த உச்சம் வரும்போது குண்டு சில சென்டிமீட்டர்கூட நகர்ந்து முடித்திருக்காது. அதற்குப் பிறகு குழல் முழுவதும் இறங்குமுகம்தான்: குண்டு முன்னே ஓட ஓட, அதன் பின்னால் வாயுவுக்கு இடம் கூடிக்கொண்டே போகிறது, அழுத்தம் சரிந்துகொண்டே போகிறது.

எவ்வளவு இடம்? 7.8 மில்லிமீட்டர் துளையுள்ள 20 அங்குலக் குழலின் உட்கொள்ளளவு சுமார் 24 கன சென்டிமீட்டர். கூட்டின் 3-ஐயும் சேர்த்தால் 27. அதாவது குண்டு வாயை அடையும்போது வாயு, தான் தொடங்கிய இடத்தைப்போல் ஒன்பது மடங்கு விரிந்துவிட்டது. 26 அங்குலக் குழலில் இது பதினொன்றரை மடங்கு. ஒன்றிலிருந்து ஒன்பது மடங்கு வரை விரியும்போதே வாயு தன் வேலையில் பெரும்பகுதியைச் செய்துவிடுகிறது. ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்குப் போவதில் மிஞ்சுவது கொஞ்சம்தான். வெப்ப இயக்கவியலின் எளிய சமன்பாட்டில் இதைப் போட்டுப் பார்த்தால் குண்டின் ஆற்றல் ஏறத்தாழ எட்டு சதவீதம் கூடும், வேகம் நான்கு சதவீதம் கூடும். 11 கிராம் குண்டு விநாடிக்கு 640 மீட்டர் வேகத்தில் கார்பைனிலிருந்து கிளம்பினால், நீண்ட ரைஃபிளிலிருந்து 665 மீட்டர் அளவில் கிளம்பும்.

150 மீட்டர் தூரத்தில் நிற்கும் மானுக்கு இந்த 25 மீட்டர் என்ன பொருள் தரும்? அந்தத் தூரத்தைக் கடக்கக் குண்டுக்குக் கால் விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதை ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் கீழே இழுத்திருக்கும். வேகமான குண்டு 3 சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் மேலே போய்த் தைக்கும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி அதைப்போல் ஏழெட்டு மடங்கு அகலம். வேட்டைக்காரரால் இந்த வேறுபாட்டை உணரவே முடியாது.

பழைய தோட்டாக்களில் லாபம் இன்னும் குறைவு. வின்செஸ்டர் 1873 ரைஃபிளின் .44-40 தோட்டாவில் கூடு சிறியது, துளை பெரியது. கொள்ளளவைக் கணக்கிட்டால் 20 அங்குலத்திலேயே இடம் பதினெட்டு மடங்குக்கு மேல் பெருகிவிடுகிறது. அதன்மேல் நான்கு அங்குலம் கூட்டுவதில் வேகத்துக்குப் பெரிய பயன் எதுவும் இல்லை. .22 ரிம்ஃபயர் தோட்டாவோ எல்லையைக் கடந்தே போய்விடுகிறது. சுமார் 16 அங்குலத்தில் அதன் சிறு மருந்து தன் பலத்தை எல்லாம் கொடுத்து முடித்திருக்கும்; அதற்கு மேல் ஈயத்துக்கும் எஃகுக்கும் இடையிலான உராய்வு குண்டை மெல்லத் தடுக்கவே செய்கிறது. அப்படியிருந்தும் மார்லின் நிறுவனத்தின் 39ஏ என்ற .22 லீவர் ரைஃபிள் பல பத்தாண்டுகள் 24 அங்குலக் குழலோடு வெளிவந்தது, அதை வாங்கியவர்கள் அதை நேசித்தார்கள். வேகத்துக்கு அல்லாமல் வேறு எதற்கோ அந்த நீளம் உதவியிருக்க வேண்டும்.

பழைய லீவர் துப்பாக்கிகளின் நீளத்துக்கு ஒரு காரணம் தோட்டாக்குழாய். பெஞ்சமின் டைலர் ஹென்றியின் 1860 ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில், ஒன்றின் பின் ஒன்றாக ஒரு நீண்ட குழாயில் அடுக்கப்பட்டிருந்தன. 24 அங்குலக் குழலுக்குக் கீழே 16 தோட்டாக்கள். ஒரு தோட்டா போட்டுச் சுட்டு, மறுபடி ஒன்று போட்டுச் சுட்ட காலத்தில் அது நம்ப முடியாத எண்ணிக்கை. 1873 மாடலில் 24 அங்குல ரைஃபிளுக்கு 15, 20 அங்குலக் கார்பைனுக்கு 12 தோட்டா. குழலை வெட்டினால் தோட்டா எண்ணிக்கையும் வெட்டுப்படும். லீவர் ரைஃபிளை மற்ற வகைகளிலிருந்து பிரிக்கும் குணம் இது: நீளம், கொள்ளளவு, எடை மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. 1873-இலேயே 30 அங்குலக் குழலோடு மஸ்கட் என்ற மூன்றாவது உருவமும் இருந்தது. அது படைவீரர்களுக்கானது, முனையில் ஈட்டி பொருத்துவதற்கானது. அதன் கணக்கு வேறு.

இப்போது எடைக்கு வருவோம். என் மதிப்பீட்டில் இந்த விஷயத்தின் இதயம் இங்கேதான் இருக்கிறது.

வெளிவிட்டம் 18 மில்லிமீட்டர், உட்துளை 7.8 மில்லிமீட்டர் உள்ள எஃகுக் குழாயை ஒரு சென்டிமீட்டர் நறுக்கினால் அதன் எடை 16 கிராம். ஆறு அங்குலத்துக்கு, அதாவது 15 சென்டிமீட்டருக்கு, கால் கிலோ. மூன்று கிலோ துப்பாக்கியில் கால் கிலோ பெரிதாகத் தோன்றாது. தராசில் வைத்துப் பார்ப்பவருக்கு எட்டு சதவீதம் கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் துப்பாக்கியை யாரும் தராசில் வைத்துச் சுடுவதில்லை. தோளில் வைத்து, ஓடும் மானோடு சேர்ந்து திருப்புகிறார்கள். திருப்பும் வேலையில் எடை எவ்வளவு என்பதைவிட, அது எங்கே இருக்கிறது என்பதே பெரிது. உலக்கையை நடுவில் பிடித்துச் சுழற்றிப் பார்த்துவிட்டு, ஒரு நுனியில் பிடித்துச் சுழற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உலக்கையின் எடை மாறவில்லை, கை படும் பாடு மாறிவிடுகிறது.

இயற்பியலில் இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். ஒவ்வொரு துண்டு நிறையையும், சுழலும் அச்சிலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரே தடிமனுள்ள குழல் தன் பின்நுனியைச் சுற்றித் திரும்புவதாக வைத்துக்கொண்டால், நீளம் கூடும்போது நிறையும் கூடுகிறது, தூரமும் கூடுகிறது. தூரம் வர்க்கமாகக் கூடுகிறது. முடிவில் திருப்புத்திறன் நீளத்தின் முப்படியாக ஏறுகிறது. 20 அங்குலம் 26 ஆனால் குழலின் நிறை 1.3 மடங்கு, திருப்புத்திறன் 2.2 மடங்கு. உண்மையில் அச்சு குழலின் பின்நுனியில் இல்லை, சுடுபவரின் தோளில் இருக்கிறது. குழல் அங்கிருந்து சுமார் 47 சென்டிமீட்டர் தள்ளித்தான் தொடங்குகிறது. தோளை அச்சாக வைத்துக் கணக்கிட்டாலும் குழலின் திருப்புத்திறன் 1.6 மடங்காகிவிடுகிறது. வேகத்தில் நான்கு சதவீதம், குழலைத் திருப்பும் பாட்டில் அறுபது சதவீதம். ஆறு அங்குலம் எந்தப் பக்கம் அதிகமாக வேலை செய்கிறது என்பதில் இனி ஐயம் இருக்க முடியாது.

இந்த அறுபது சதவீதம் நல்லதா கெட்டதா என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. மெய்ன், பென்சில்வேனியா மாநிலங்களின் அடர்ந்த காடுகளில் வெண்வால் மான் ஐம்பது மீட்டருக்குள் மரங்களுக்கு இடையில் தோன்றி, இரண்டு மூச்சுக்குள் மறைந்துவிடும். அங்கே துப்பாக்கி வேகமாக எழ வேண்டும், வேகமாகத் திரும்ப வேண்டும், கிளைகளில் சிக்கக் கூடாது. 20 அங்குலக் கார்பைன் அந்தக் காடுகளின் துப்பாக்கியாகவே ஆகிப்போனதற்குக் காரணம் இதுதான். 70 லட்சத்துக்கு மேல் விற்ற வின்செஸ்டர் 94-இன் நிலைத்த உருவம் அதுவே. 1948-இல் வந்த மார்லின் 336-உம் அதே 20 அங்குலத்தைத்தான் எடுத்துக்கொண்டது.

திறந்த வெளியில், நின்ற நிலையில், தாங்கு எதுவும் இல்லாமல் நூறு மீட்டர் தாண்டிச் சுடுபவரின் சிக்கல் நேரெதிரானது. அவருக்குத் துப்பாக்கி திரும்பக் கூடாது, அசையாமல் நிற்க வேண்டும். மனிதக் கைக்கு இயல்பான நடுக்கம் ஒன்று உண்டு, விநாடிக்கு 8 முதல் 12 முறை. அந்த நடுக்கம் கொடுக்கும் சிறு திருப்புவிசைக்குத் துப்பாக்கி எவ்வளவு ஆடும் என்பது திருப்புத்திறனுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். முன்புறம் கனத்த துப்பாக்கி நடுக்கத்தை விழுங்கிவிடுகிறது. மார்லின் 39ஏ-யின் 24 அங்குலம் இப்போது புரியும்: இலேசான .22 தோட்டாவுக்கு அந்த நீளம் தேவையில்லை, அதைக் குறிவைக்கும் கைக்குத் தேவை. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. மூச்சினால் வரும் மெதுவான அலைவை எடை தடுக்காது. இடக்கைத் தசை சோர்ந்தால் நடுக்கமே பெரிதாகும். நாள் முழுக்க மலை ஏறி இறங்கியவருக்கு நாலரை கிலோ துப்பாக்கி நிலைத்து நிற்கும் என்று எந்தச் சமன்பாடும் உறுதி தராது.

லீவர் ரைஃபிளுக்கே உரிய இன்னொரு சங்கதியை இங்கே சேர்த்தாக வேண்டும். எடை மாறிக்கொண்டே இருக்கிறது. .44-40 தோட்டா ஒன்று ஏறத்தாழ 22 கிராம். 1873 ரைஃபிளின் குழாயில் பதினைந்து நிரம்பினால் முன்பக்கம் 330 கிராம் கூடுகிறது. இது ஆறு அங்குலக் குழலின் எடையைவிட அதிகம். சுடச் சுட அந்த எடை குறைகிறது, மிஞ்சும் தோட்டாக்களும் வில்சுருளால் பின்னோக்கித் தள்ளப்படுகின்றன. முதல் தோட்டாவின்போது முன்கனத்து நின்ற துப்பாக்கி, கடைசித் தோட்டாவின்போது பின்னால் சாய்ந்த துப்பாக்கி. .30-30 கார்பைனில் ஆறேழு தோட்டாவுக்கு இது 150 கிராம் அளவில் அடங்கிவிடும். இருந்தாலும் பழகிய கைக்குத் தெரியும்.

அடுத்தது உதைப்பு. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளிக்கூடத்தில் விளக்கும்போது துப்பாக்கியைத்தான் காட்டுவார்கள், அதோடு நிறுத்திவிடுவார்கள். கணக்கை முடித்துப் பார்ப்பது சுவையானது. .30-30-இன் 11 கிராம் குண்டு முன்னே கொண்டுபோகும் உந்தத்தோடு, பின்னாலேயே பீறிடும் இரண்டு கிராம் வாயுவின் உந்தத்தையும் கூட்டினால் ஏறத்தாழ 9.6 அலகு. வாயு குண்டைவிட வேகமாகப் பாய்வதால் இரண்டு கிராமும் நன்றாகவே உதைக்கும். மூன்று கிலோ துப்பாக்கி இந்த உந்தத்தை வாங்கிக்கொண்டு விநாடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் தோளுக்கு வரும். ஆற்றல் 15 ஜூல். ஒரே உந்தத்துக்கு ஆற்றல் நிறைக்கு எதிர்விகிதமாகப் போவதால், துப்பாக்கியின் எடையைக் கூட்டும்தோறும் தோள் பிழைக்கிறது. ஆறு அங்குலக் குழலின் கால் கிலோ ஒரு ஜூலைத்தான் குறைக்கும். .30-30 போன்ற மென்மையான தோட்டாவில் அதற்காக நீளம் தேட வேண்டியதில்லை.

பெரிய தோட்டாவில் கதை மாறுகிறது. பெங்களூரில் வாழ்ந்து, ஜவளகிரி, பென்னாகரம் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் தேடிப்போன கென்னத் ஆண்டர்சன் பல ஆண்டுகள் நம்பிய துப்பாக்கி ஒரு லீவர் ரைஃபிள்தான்: .405 வின்செஸ்டர், மாடல் 1895. தியடோர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துச்சென்றதும் அதே மாடல், அதே தோட்டா. அதன் குண்டு 19 கிராமுக்கு மேல், வேகம் விநாடிக்கு 670 மீட்டர். உந்தம் 17 அலகு. அந்த ரைஃபிளின் குழல் 24 அங்குலம், எடை நாலு கிலோவுக்குச் சற்றே குறைவு. அப்படியும் உதைப்பு 37 ஜூல், .30-30 கார்பைனைப்போல் இரண்டரை மடங்கு. அதே தோட்டாவுக்கு 3.2 கிலோ துப்பாக்கி செய்தால் 45 ஜூலைத் தாண்டிவிடும். இரண்டாவது குண்டை உடனே சுட வேண்டிய நேரத்தில் தோளும் கண்ணும் அதற்கு ஒத்துழைக்காது. இருட்டில், பக்கத்தில், காயம்பட்ட புலிக்கு முன்னால் நிற்பவருக்கு அந்த இரண்டாவது குண்டுதான் உயிர். அந்த அரைக் கிலோவுக்கு மேற்பட்ட கூடுதல் எடையைச் சுமையாக நான் எண்ண மாட்டேன். இன்னொன்று: மாடல் 1895-இல் தோட்டாக்கள் குழலடிக் குழாயில் இல்லை, நடுவில் ஒரு பெட்டியில் இருந்தன. கூர்முனைக் குண்டுகளைக் குழாயில் அடுக்கினால் ஒன்றின் முனை முன்னதன் அடித்திரியைக் குத்தி வெடிக்கக்கூடும் என்பதற்கு அந்தப் பெட்டி ஒரு விடை. கூடவே தோட்டாவின் எடை இரு கைகளுக்கு நடுவில் அடங்கிப்போனது ஒரு வரவு. ஜவளகிரிக் காடு இன்று காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தின் பகுதி; 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கே வேட்டைக்கு இடமில்லை, அது அப்படியே இருக்கட்டும்.

உதைப்பைப் பற்றி ஒன்று பலருக்கும் தெரிவதில்லை. அது குண்டு வெளியேறிய பிறகு தொடங்குவது அல்ல. குண்டு குழலுக்குள் ஓடும் ஆயிரத்தில் ஒரு விநாடிக்குச் சற்று மேற்பட்ட நேரத்திலேயே துப்பாக்கி சுமார் இரண்டு மில்லிமீட்டர் பின்னால் வந்துவிடுகிறது. குழல் தோளுக்கு மேலே இருப்பதால், பின்னால் வரும்போதே வாயும் மேலே எழத் தொடங்குகிறது. குண்டு வெளியேறும் கணத்தில் வாய் எவ்வளவு எழுந்திருக்கும் என்பதைத் தீர்மானிப்பதில் திருப்புத்திறனுக்குப் பங்கு உண்டு. அதனால்தான் ஒரே துப்பாக்கியில் இலேசான குண்டும் கனத்த குண்டும் வெவ்வேறு இடத்தில் படுகின்றன.

எண்கோணக் குழல்கள் பார்க்க அழகானவை. விட்டம் ஒன்றானால் வட்டக் குழலைவிட ஆறேழு சதவீதம் கனம் கூடும். மற்றபடி அவற்றில் மாயம் எதுவும் இல்லை. தடித்த குழலுக்கு உள்ள உண்மையான பலன் வெப்பத்தில் தெரியும். தொடர்ந்து சுட்டால் குழல் சூடேறி நீளும். அதற்கு அடியில் வளையங்களால் கட்டப்பட்ட தோட்டாக்குழாய் அவ்வளவு சூடேறாது. நாற்பது டிகிரி வேறுபாட்டுக்கு அரை மீட்டர்க் குழல் கால் மில்லிமீட்டர் நீள முயலும். வளையம் விடாது. குழல் நுண்ணளவில் வளையும், குண்டுகள் ஒரு திசையில் மெல்ல விலகிப் படும். இலேசான கார்பைன்களில் இது சகஜம். காட்டில் ஒன்றிரண்டு முறை சுடுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. பந்தயத்தில் இருபது முறை சுடுபவர் எடையைத் தேடிப் போவது நியாயம்.

நீண்ட குழலுக்கு ஆதரவாகப் பேசும் வலுவான வாதம் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம். கார்பைனில் அது 42 சென்டிமீட்டர் அளவு, 26 அங்குல ரைஃபிளில் 57 அளவு. குறிகளை ஒன்றுசேர்ப்பதில் கண் அரை மில்லிமீட்டர் பிசகினால், நூறு மீட்டரில் முன்னதில் 12 சென்டிமீட்டரும் பின்னதில் 9 சென்டிமீட்டரும் தவறும். இது வேகத்தால் கிடைத்த லாபத்தைவிடப் பெரியது. ஆனால் இதற்கு எஃகை நீட்ட வேண்டியதில்லை என்பதை 1870களின் இறுதியிலேயே கனெக்டிகட்டின் வில்லியம் லைமன் காட்டிவிட்டார். பின்குறியைக் குழலின் மேலிருந்து எடுத்து, சுத்திக்குப் பின்னால், கைப்பிடிக்கு மேலே ஒரு சிறு துளைவட்டமாக வைத்தார். 20 அங்குலக் கார்பைனிலேயே குறிகளுக்கு இடையிலான தூரம் 60 சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. மூன்று விரல் அளவு உலோகம், ஆறு அங்குலக் குழலின் வேலை.

இன்னும் குட்டையாகப் போகலாமா? வின்செஸ்டர் பொறிவைப்பவர்களுக்காக 14, 15, 16 அங்குலக் குழல்களையும் செய்து கொடுத்தது. அமெரிக்காவின் 1934 சட்டம் ரைஃபிள் குழலுக்கு 18 அங்குலத்தைக் கீழ்வரம்பாக வைத்தது. 1960-இல் அது 16 ஆனது. 16 அங்குலத்தில் .30-30 இன்னும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் குண்டு வெளியேறும்போது வாயில் மிஞ்சியிருக்கும் அழுத்தம் கூடுகிறது, சத்தம் கூர்மையாகிறது, அது காதுக்கு நான்கு அங்குலம் நெருங்கியும் விடுகிறது. முன்கனம் போய்விடுவதால் குறி நிலைக்காமல் துள்ளும். காதையும் நிதானத்தையும் கொடுத்து நான்கு அங்குலத்தை மிச்சம் பிடிப்பது எனக்கு ஒப்பாத வியாபாரம்.

ஆகவே, காட்டுக்குள் .30-30 என்றால் 20 அங்குலமும், தோட்டா நிரம்பிய நிலையில் மூன்று கிலோவுக்குச் சற்று மேலும்; நின்றபடி தாங்கின்றிச் சுடும் பழக்கத்துக்கு .22-ஓ .44-40-ஓ என்றால் 24 அங்குலம்; .405, .45-70 போன்ற கனத்த தோட்டா என்றால் நீளத்தைவிட எடையைப் பார்த்து, மூன்றே முக்கால் கிலோவுக்குக் கீழே போகாமல் இருப்பது என்று நான் சொல்வேன். வாங்குமுன் ஒரு சோதனையும் உண்டு. மருந்தில்லாத போலித் தோட்டாக்களால் குழாயை நிரப்பி, துப்பாக்கியை ஒரு விரலின்மேல் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் புள்ளியைக் குறித்துக்கொள்ள வேண்டும்; பிறகு குழாயைக் காலி செய்து மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு புள்ளிகளும் இடக்கை இயல்பாகப் பிடிக்கும் இடத்துக்கும் நெம்புகோலுக்கும் நடுவில் விழுந்தால் குழலின் நீளம் சரி. நிரம்பிய புள்ளி இடக்கையைத் தாண்டி முன்னே போனால், அதே மாடலில் அடுத்த குட்டைக் குழலைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.